‘மன்னிப்பாயா’ பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘விண்ணைத்தாண்டி வருவாயா’ படத்தின் இந்தப் பாட்டைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அதே சில கேள்விகள் வந்து விழுகின்றன. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்? குறள் எதற்கு? கடைசியில் மன்னிப்புக் கிடைத்ததா? பல வருடங்களாக இந்தப் பாட்டோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததையும் தோன்றியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை விவரங்கள்: யார் எழுதியது, யார் பாடியது, எப்போது வந்தது?

எழுதியவர் கவிஞர் தாமரை. இசை ஏ.ஆர்.ரகுமான். பாடியவர்கள் ஸ்ரேயா கோஷலும் ரகுமானும். இயக்குநர் கௌதம் வாசுதேவ் மேனன். பாடல் தொகுப்பு 2009 டிசம்பரில் லண்டனிலும், பிறகு 2010 ஜனவரியில் சென்னையிலும் வெளியானது. படம் 2010 பிப்ரவரி 26 அன்று திரைக்கு வந்தது. சிலம்பரசன் கார்த்திக்காகவும் த்ரிஷா ஜெஸ்ஸியாகவும் நடித்தார்கள்.

அந்தக் காலகட்டத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ரகுமான் 2009 பிப்ரவரியில் இரண்டு ஆஸ்கர் விருதுகளை வாங்கியிருந்தார். கௌதம் மேனனோ ‘மின்னலே’ தொடங்கித் தன் தமிழ்ப் படங்களுக்கு ஹாரிஸ் ஜெயராஜையே நம்பியிருந்தவர். ரகுமானோடு அவர் சேர்ந்தது இதுதான் முதல் முறை. மாறாமல் இருந்தவர் தாமரை மட்டும். ‘மின்னலே’யில் ‘வசீகரா’ எழுதிய அதே கை இங்கேயும் எழுதியது. மேனனின் காதலர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அதற்குள் அவருக்கு அத்துபடியாகியிருந்தது.

பாட்டில் மன்னிப்புக் கேட்பது யார்?

பெண். பலர் இதைத் தலைகீழாக நினைவில் வைத்திருக்கிறார்கள், படத்தில் கடைசி வரை காத்துக்கிடப்பவன் ஆண் என்பதால். பாட்டைத் தொடங்குபவளும் அவள்தான். கடலில் மீனாக இருந்தவள், இவனுக்காகக் கரை தாண்டி வந்து, தரையில் துடித்து, மறுபடியும் கடலுக்கே திரும்பிவிட்டேன் என்கிறாள்.

இந்த ஓர் உவமையில் ஜெஸ்ஸி முழுசாக இருக்கிறாள். மீன் கரைக்கு வருவது ஆசையினால். துடிப்பது மூச்சு முட்டுவதனால். திரும்புவது உயிர் பிழைக்க. எதையும் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் கரையில் ஒருவன் வெறுங்கையோடு நின்றுகொண்டிருக்கிறான். தன் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்தும், அவன் பட்ட வலிக்கு நானும் காரணம் என்று ஒப்புக்கொள்கிற இடத்திலிருந்து மன்னிப்புக் கேட்கிறாள்.

எதற்காகக் கேட்கிறாள்? கதை தெரியாமல் கேட்டால் புரியவில்லையே.

ஜெஸ்ஸி மலையாளக் கிறித்தவக் குடும்பத்துப் பெண். கார்த்திக்கைவிட ஒரு வயது மூத்தவள். சினிமா என்றாலே ஆகாத அப்பா. கீழ்வீட்டில் குடிவந்த கார்த்திக்கோ சினிமா இயக்குநராக வேண்டும் என்று அலைகிற இந்துப் பையன். அவள் ஒரு நாள் நெருங்கி வருவாள், மறுநாள் விலகுவாள். வீட்டார் பார்த்த மாப்பிள்ளையைத் தேவாலயத்தில் வைத்தே வேண்டாம் என்று சொல்லுமளவு துணிச்சல் அவளுக்கு உண்டு. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தத் துணிச்சல் கரைந்துபோகும்.

ஒரு நாள் சிரித்து மறுநாள் வெறுத்ததாக அவள் பாட்டில் சொல்வது இந்த ஊசலாட்டத்தைத்தான். பெரிய துரோகம், பொய், இன்னொருவன் என்று எதுவும் இல்லை. ஒரு மனதாக இருக்க முடியாமல் போனதுதான் குற்றம். நம்மில் பெரும்பாலானோர் செய்கிற குற்றமும் அதுதான் என்பதால்தான், கதையே தெரியாதவர்களுக்கும் இந்தப் பாட்டு தைக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆண் குரல் என்ன பதில் சொல்கிறது? மன்னித்தானா இல்லையா?

இதுதான் இந்தப் பாட்டின் மையக் கேள்வி. அவன் ‘மன்னித்தேன்’ என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. ‘மன்னிக்க மாட்டேன்’ என்றும் சொல்வதில்லை. அவள் கேட்ட கேள்வியைத் தொடவே இல்லை.

அவன் சொல்வது வேறு. தடுமாறி நடந்தேன், உன்னால்தான் கலைஞன் ஆனேன், தொலைவில் தெரியும் வெளிச்சம் நீ என்கிறான். பிறகு, காற்றில் ஆடிய வெறுங்காகிதமாக இருந்த என்னைக் கடிதமாக்கியவள் நீ என்கிறான். கடிதம் என்றால் அதில் எழுத்து இருக்கும், அதற்கு ஒரு முகவரி இருக்கும். தனக்கு ஒரு பொருளும் ஒரு திசையும் தந்தவள் அவள்தான் என்று சொல்கிறான். முதலில் கேட்டபோது இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒருத்தி இத்தனை முறை கேட்கிறாள், ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

நாளாக ஆக, அந்த மௌனத்தின் அருமை புரிந்தது. ‘மன்னித்தேன்’ என்று சொன்னால் அவன் ஒரு படி மேலே ஏறி நிற்க வேண்டியிருக்கும். கணக்குப் பார்த்து, குற்றத்தை எழுதி, அதைத் தள்ளுபடி செய்கிற இடம் அது. அவன் அங்கே போக மறுக்கிறான். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஒருத்தி வந்தால், ‘கடன்பட்டவன் நான்தானே’ என்று அவன் கணக்கையே மாற்றி எழுதுகிறான். மன்னிப்புக்கு நன்றியைப் பதிலாகத் தருகிற பாட்டு வேறு உண்டா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அகப்படவில்லை.

படத்தின் முடிவும் இதைத்தான் செய்கிறது. கார்த்திக் அவளைப் பழி சொல்வதில்லை. நடந்ததைப் படமாக எடுக்கிறான். பாட்டில் ‘கலைஞன்’ என்ற சொல் வந்தபோதே முடிவு சொல்லப்பட்டுவிட்டது, நாம்தான் கவனிக்கவில்லை.

‘மன்னிப்பாயா’ என்ற சொல்லில் அப்படி என்ன இருக்கிறது?

பிரித்துப் பாருங்கள்: மன்னி என்பது பகுதி. ‘ப்ப்’ எதிர்காலம் காட்டுகிறது. ‘ஆய்’ எதிரில் இருப்பவரைச் சுட்டுகிறது. கடைசி ‘ஆ’ வினா. ‘மன்னித்துவிடு’ என்றால் அது ஏவல், கெஞ்சலாகச் சொன்னாலும் ஏவல்தான். ‘மன்னிக்கணும்’ என்றால் எதிராளிக்கு ஒரு கடமையைச் சுமத்துகிறோம். ‘மன்னிப்பாயா’ என்று கேட்கும்போது முடிவு முழுக்க அவன் கைக்குப் போய்விடுகிறது. ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையும் அவனிடம் இருக்கிறது. கேட்டவள் அந்தப் பதிலுக்கும் தயாராக நிற்கிறாள்.

எதிர்காலம் என்பதையும் விட்டுவிடக் கூடாது. இப்போதே வேண்டும் என்ற அவசரம் அதில் இல்லை. என்றைக்காவது, முடிந்தால்.

படத்தின் தலைப்பும் இதே அமைப்புதான்: வருவாயா, மன்னிப்பாயா. தலைப்பில் அவன் கேட்கிறான், பாட்டில் அவள் கேட்கிறாள். இரண்டும் ‘ஆ’ என்ற திறந்த உயிரில் முடிவதால் பாடகருக்கும் வசதி. வாயை மூடாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஸ்ரேயா அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடும்போது கேள்வி காற்றில் நிற்பதுபோல் கேட்பதற்கு இந்த நெடில் பெரிய துணை.

வள்ளுவர் இதற்கெல்லாம் ‘பொறுத்தல்’ என்ற சொல்லையே ஆள்கிறார். பொறையுடைமை அதிகாரத்தில், பிறர் செய்த மிகையைப் பொறுத்துக்கொள், அதை மறந்துவிடுவது அதைவிட நல்லது என்கிறார். பொறுத்தலில் சுமப்பது என்ற பொருளும் அடங்கியிருக்கிறது. கார்த்திக் மறக்கவில்லை. சுமந்தான். அந்தக் கணக்கில் அவன் குறளில் பாதி தூரம் வந்தவன்.

இடையில் வரும் குறள்கள் எவை?

மூன்று. முதல் இரண்டும் அன்புடைமை அதிகாரத்தின் தொடக்கக் குறள்கள், 71ஆவதும் 72ஆவதும்.

அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர்
புன்கணீர் பூசல் தரும்.

அன்பைப் பூட்டி வைக்கத் தாழ்ப்பாள் உண்டா? அன்புடையவர் கண்ணில் துளிர்க்கும் சிறு கண்ணீரே உள்ளிருப்பதை ஊரறியச் செய்துவிடும். அடுத்த குறள், அன்பில்லாதவர் எல்லாவற்றையும் தமக்கே என்று வைத்துக்கொள்வர், அன்புடையவரோ தம் எலும்பையும் பிறருக்குத் தருவர் என்பது. பள்ளியில் மனப்பாடம் செய்தவை.

மூன்றாவதுதான் பலருக்கும் புதிது. அது காமத்துப்பாலிலிருந்து வருகிறது. நிறையழிதல் அதிகாரம், 1259ஆம் குறள்.

புலப்பல் எனச்சென்றேன் புல்லினேன் நெஞ்சம்
கலத்தல் உறுவது கண்டு.

பேசுபவள் தலைவி. அவனோடு ஊடிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். போன இடத்தில் என் நெஞ்சம் என்னைக் கேட்காமலே அவனோடு கலக்கத் தொடங்கியதைப் பார்த்தேன், தழுவிக்கொண்டேன். இவ்வளவுதான் குறள். ‘சண்டை போடப் போனேன், கட்டிப்பிடித்துக்கொண்டேன்’ என்று இன்று ஒரு பெண் தோழியிடம் சொல்வதற்கும் இதற்கும் அரை அங்குல தூரம்கூட இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 71ஆம் குறளில் தாழ்ப்பாள் வருகிறது. 1259 இருக்கும் நிறையழிதல் அதிகாரத்தின் முதல் குறளிலும் தாழ்ப்பாள் வருகிறது: நாணம் என்ற தாழ் போட்ட, நிறை என்ற கதவைக் காமம் என்ற கோடரி உடைத்துவிடும் என்று தொடங்குகிறது அந்த அதிகாரம். அறத்துப்பாலில் அன்புக்குத் தாழ்ப்பாளே இல்லை என்றவர், இங்கே வந்து தாழ்ப்பாள் இருக்கிறது, உடைந்துபோகிறது என்கிறார். பூட்டிக்கொள்ளப் பார்த்து முடியாமல்போன ஒருத்தியின் பாட்டுக்கு இந்த இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்தாலும் தற்செயலாக அமைந்தாலும் பொருத்தம் அபாரம்.

அன்புடைமை இல்லற அதிகாரம் ஆயிற்றே? காதல் பாட்டில் கொண்டுவந்தது பிழை இல்லையா?

இந்த வாதத்தைத் தமிழாசிரியர்கள் சிலர் வாயிலாகவே கேட்டிருக்கிறேன். அன்புடைமையில் பேசப்படுவது எல்லா உயிரிடத்தும் வைக்கும் அன்பு, அதைக் காதலாகச் சுருக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் மனக்குறை. குறளைத் தெரிந்தவர்களின் நியாயமான கவலை, அலட்சியமாகத் தள்ளக் கூடாது.

நான் உடன்படாததற்குக் காரணம் உண்டு. மூன்று குறளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு அறத்துப்பால், ஒன்று காமத்துப்பால். மன்னிப்பு என்பது இந்த இரண்டு பாலுக்கும் நடுவில் நிற்கிற விஷயம். வெறும் காதலாக இருந்தால் காயப்படுத்தியவளை வெறுத்துவிடலாம், மறந்துவிடலாம். காதல் போன பிறகும் ஒருவர்மேல் மிச்சம் இருக்கிற அக்கறைக்கு என்ன பெயர்? அது அன்புடைமை அதிகாரத்துக்குள்தான் வரும். ஜெஸ்ஸியும் கார்த்திக்கும் கணவன் மனைவி ஆகப்போவதில்லை. அவர்களுக்குள் கடைசி வரை இருக்கப்போவது 71ஆம் குறளின் அன்புதான்.

இன்னொன்றும் உண்டு. தேர்வுக்காகப் படித்து மறந்த குறளைக் கண்ணீரோடு பாடுகிற ஒரு தலைமுறை இந்தப் பாட்டால் வந்தது. 1259ஐ இத்தனை பேர் உதட்டில் ஏற்றிய இன்னொரு பாட்டை எனக்குத் தெரியாது.

பெண் மன்னிப்புக் கேட்பது தமிழ் மரபுக்குப் புதிதா?

நம் அகப்பாட்டு மரபில் மன்னிப்புக்கு ஒரு முழுத் திணையே இருக்கிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவன் வாசலில் நிற்பான். உள்ளே போக முடியாது. பாணன், கூத்தர், விருந்தினர் என்று யாரையாவது வாயிலாக, அதாவது தூதாக, அனுப்புவான். தோழி வாயில் மறுப்பாள். தலைவி மனம் இளகும்வரை இந்த நாடகம் நடக்கும். தவறு செய்பவன் ஆண், வாசலில் நிற்பவன் ஆண், கதவைத் திறப்பதும் திறக்காததும் பெண்ணின் உரிமை.

‘மன்னிப்பாயா’ இந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போடுகிறது. வாசலுக்கு வந்து நிற்பவள் பெண். தூது விடவில்லை, தானே வருகிறாள். உள்ளே இருக்கும் ஆண் மறுத்து வாதாடவும் இல்லை.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. மருதத்துத் தலைவன் செய்தது தெளிவான தவறு. ஜெஸ்ஸி செய்தது என்ன? அப்பாவுக்கும் மதத்துக்கும் ஊருக்கும் நடுவில் நசுங்கினாள். அவளை நசுக்கிய ஒருவரும் பாட்டில் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் வீடுகளில் நடப்பதும் இதுதான்: சாதியும் மதமும் பார்த்துக் காதலைக் கலைத்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள், கலைந்துபோன பிள்ளைகள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் குற்றவாளிகளாக வாழ்வார்கள். எல்லாரும் உறங்கும் நேரம் தனக்குத் தலையணை நனையும் நேரம் என்று அவள் பாடும் இடத்தில், உறங்குகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் மனசு கனத்துவிடும்.

அப்படியானால் ரசிகர்கள் ஜெஸ்ஸியை மன்னித்தார்களா?

பாதிப் பேர் இல்லை. படம் வந்த நாள்தொட்டு ‘ஜெஸ்ஸி’ என்பது ஏமாற்றிய பெண்ணுக்கு ஒரு பட்டப்பெயராகவே இளைஞர் பேச்சில் நுழைந்துவிட்டது. காதலில் தோற்ற பையன்கள் கார்த்திக்கோடு தங்களை ஒட்டவைத்துக்கொண்டார்கள். அது இயல்பு. படமே அவன் கண் வழியாகத்தான் சொல்லப்படுகிறது.

இந்த ஒரு பாட்டில்தான் அவள் தரப்பு அவள் குரலிலேயே வருகிறது. அதனால் படத்தை அவன் படமாகவும், ‘மன்னிப்பாயா’வை அவள் பாட்டாகவும் வைத்திருக்கிற பெண்கள் நிறையப் பேர். வீட்டுக்காகக் காதலை விட்டுக்கொடுத்து, யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பாட்டு என்னவாக இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னது: “கேட்க வேண்டியதை எனக்குப் பதிலா அவ கேட்டுட்டா.” அதற்குமேல் நான் எந்த விமரிசனமும் படிக்கத் தேவைப்படவில்லை.

தெலுங்கிலும் இந்தியிலும் இதே பாட்டா?

மெட்டு அதே. சொல்வது வேறு. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் அருமையான பாடம்.

தெலுங்கில் படம் ‘ஏ மாய சேசாவே’. தமிழ்ப் படம் வந்த அதே நாளில், நாக சைதன்யா, சமந்தா நடிப்பில் வந்தது. பாட்டின் பெயர் ‘விண்டுன்னாவா’, பாடியவர்கள் பாடகர் கார்த்திக்கும் ஸ்ரேயா கோஷலும். அதன் பொருள் ‘கேட்டுக்கொண்டிருக்கிறாயா’. தமிழைப்போலவே எதிரில் இருப்பவரிடம் கேட்கும் கேள்விதான், ‘ஆ’ ஓசையில்தான் முடிகிறது. ஆனால் அங்கே குற்றம் இல்லை, மன்னிப்பு இல்லை, காதைத் தருகிறாயா என்ற ஏக்கம் மட்டும். அந்தப் படத்தில் காதலர்கள் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். சேரப்போகிறவர்களுக்குக் ‘கேட்கிறாயா’ போதும் போலிருக்கிறது.

இந்திப் படம் ‘ஏக் தீவானா தா’, 2012 பிப்ரவரியில் வந்தது. அங்கே ‘ஷர்மிந்தா ஹூன்’. ரகுமானும் மதுஸ்ரீயும் பாடியது, எழுதியவர் ஜாவேத் அக்தர். ‘வெட்கித் தலைகுனிகிறேன்’ என்ற பொருள். கேள்வி போய்விட்டது, தன்னைப் பற்றிய வாக்குமூலம் ஆகிவிட்டது. படம் அங்கே எடுபடவில்லை, பாட்டும் அதோடு ஒதுங்கியது. நல்ல பாட்டுதான். எதிரில் ஒருவரை நிறுத்தி அவர் பதிலுக்குக் காத்திருக்கிற பதற்றம் மட்டும் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்ரேயா கோஷலுக்குத் தமிழ் தெரியாதே, எப்படி இவ்வளவு உணர்ச்சி?

அவர் தாய்மொழி வங்காளம். ஆனால் 2006இலேயே ‘சில்லுனு ஒரு காதல்’ படத்தில் ரகுமான் இசையில் ‘முன்பே வா’ பாடித் தமிழ்க் காதுகளில் இடம்பிடித்தவர். சொல்லைக் கேட்டு, பொருளைக் கேட்டுப் பாடுகிற உழைப்பாளி. இந்தப் பாட்டில் அவர் அழுவதுபோல் பாடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். குரல் உடைவதில்லை, விம்மல் இல்லை. அழுது முடித்த பிறகு முகம் கழுவிவிட்டு வந்து பேசுகிறவள்போல நிதானமாகத் தொடங்குகிறார். அந்தக் கட்டுப்பாடுதான் கேட்பவர் கண்ணைக் கலங்கடிக்கிறது.

ஒரு துணுக்கு: படத்தில் த்ரிஷாவுக்குப் பேசும் குரல் கொடுத்தவர் பாடகி சின்மயி. பேசும் ஜெஸ்ஸி ஒருவர், மன்னிப்புக் கேட்கும் ஜெஸ்ஸி இன்னொருவர்.

ரகுமான் பாடியதற்குப் பதில் வேறு யாராவது பாடியிருக்கலாமோ?

நுணுக்கமான பாடகர்கள் எத்தனையோ பேர் உண்டு. ரகுமான் குரலில் ஒரு வழிபாட்டுத் தன்மை இருக்கிறது, காதலியைப் பார்த்துப் பாடினாலும் அதற்கு மேலே எதையோ பார்த்துப் பாடுவதுபோல் கேட்கும். நன்றி சொல்கிற ஆண் குரலுக்கு அதுதான் வேண்டும். குறள் வரும் இடத்தில் பாட்டு சினிமாவை விட்டு ஒரு கோயில் பிராகாரத்துக்குள் நுழைந்து வெளியே வருகிற உணர்வு எனக்கு எப்போதும் உண்டு.

விருதுகள்?

இந்தப் படத்துக்காக ரகுமான் சிறந்த இசையமைப்பாளருக்கான பிலிம்பேர் விருதைத் தமிழில் பெற்றார். தாமரைக்கு இந்தப் பாட்டு தந்த இடம் எந்தக் கோப்பையைவிடவும் பெரிது.

பிறகு வந்த குறும்படத்தில் மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்கிறார்களே?

2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், கௌதம் மேனன் ‘கார்த்திக் டயல் செய்த எண்’ என்று ஒரு குறும்படம் வெளியிட்டார். நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே நடித்தது. எழுத்து வராமல் தவிக்கும் கார்த்திக், திருமணமாகிக் குழந்தைகளோடு இருக்கும் ஜெஸ்ஸியைத் தொலைபேசியில் அழைக்கிறான். அவனைத் தன் மூன்றாவது குழந்தையாகப் பார்ப்பதாக அவள் சொல்லும் வசனம் பலத்த கேலிக்கு ஆளானது. நெகிழ்ந்தவர்களும் உண்டு.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: பத்து வருடம் கழித்தும் அவன் முடங்கிக் கிடக்கும்போது அழைக்கிற எண் அவளுடையது. அவளும் எடுத்துப் பேசுகிறாள். ‘மன்னிப்பாயா’வுக்கு அவன் அன்று சொல்லாத பதில் அதுதான் என்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். குறும்படமே தேவையில்லை, பாட்டோடு விட்டிருக்கலாம் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

இத்தனை வருடம் கழித்தும் இளைஞர்கள் ஏன் கேட்கிறார்கள்?

சென்னை அண்ணா நகரில் ஒரு மல்டிபிளெக்ஸில் இந்தப் படத்தை மறுபடியும் திரையிட ஆரம்பித்து, அது 1000 நாட்களைத் தாண்டி ஓடியது. 2010இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகக்கூட இல்லாதவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். வசனத்தைச் சேர்ந்து சொல்கிறார்கள், பாட்டைச் சேர்ந்து பாடுகிறார்கள்.

‘மன்னிப்பாயா’வைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்த காரணம், அது தன் காலத்து மோஸ்தர் எதையும் பூசிக்கொள்ளவில்லை. ஆங்கிலம் கலக்காமல் எழுதுவதைத் தாமரை ஒரு கொள்கையாகவே வைத்திருப்பவர். இந்தப் பாட்டில் கைபேசி இல்லை, காபிக் கடை இல்லை. மீன், கடல், காகிதம், அலை, வெளிச்சம், தலையணை. எந்த வருடத்திலும் இருக்கும் பொருள்கள். ஆறு நிமிடத்துக்கும் மேல் நீளும் பாட்டு, இன்றைய அரை நிமிடத் துண்டுகளுக்கு நடுவில் முழுதாகக் கேட்கப்படுகிறது என்றால் சும்மா இல்லை.

கோபித்துக்கொண்ட காதலிக்கோ காதலனுக்கோ இந்தப் பாட்டை அனுப்பி மன்னிப்புக் கேட்கலாமா?

நிறையப் பேர் கேட்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். சின்ன ஊடல் என்றால் அனுப்பாதீர்கள். இது முடிந்துபோன காதலின் பாட்டு, மிரண்டுவிடுவார்கள். ஊடல் உணவுக்கு உப்புப்போல, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் சொன்ன அளவு இதற்கும் பொருந்தும்.

உண்மையிலேயே பெரிய தவறு செய்திருந்தால், பாட்டு உங்கள் வேலையைச் செய்யாது. அவள் பாட்டில் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். நீ அப்படிச் செய்ததால் நான் இப்படிச் செய்தேன் என்று ஓரிடத்திலும் இல்லை. வீட்டைக் காரணம் காட்டவில்லை, தன் அப்பாவின் பெயரைக்கூட எடுக்கவில்லை, அத்தனைக்கும் அவளிடம் காரணங்கள் மலைபோல் இருந்தன. கொல்லாமல் கொன்று புதைத்தேன் என்று தான் செய்ததைத் தன் வாயால் சொல்கிறாள். பிறகு கேட்கிறாள். கேட்ட பிறகு காத்திருக்கிறாள். இந்த மூன்றையும் உங்கள் சொந்த வார்த்தையில், நேரில் செய்துவிட்டு, அதன்பின் வேண்டுமானால் பாட்டை அனுப்புங்கள்.

பதில் வராமலும் போகலாம். அவளுக்கும் நேரடியாக வரவில்லை.

பிரிந்து பல வருடம் ஆனவருக்கு அனுப்பலாமா?

அவர் இன்று இருக்கிற வாழ்க்கையை முதலில் நினைத்துப் பாருங்கள். அவர் மனம் ஆறியிருந்தால், உங்கள் பாரத்தை இறக்குவதற்காக அதைக் கிளறுவது நியாயமாகாது. கதவைத் தட்டும் உரிமை இன்னும் உங்களுக்கு இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், ஓர் இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக முழுப் பாட்டையும் கேளுங்கள். குறள் வரும் இடத்தில் நிறுத்தாமல் கேளுங்கள்.